வலப்பக்கத்து ஜாலியைத் தேடி லண்டனுக்கு

திங்கட்கிழமை காலை ஏழேகால் மணிக்கு ஹீத்ரோவில் இறங்கினேன். குடியேற்ற மேசையில் இருந்த ஆள் என் பாஸ்போர்ட்டைப் புரட்டிவிட்டு, எதற்கு வந்தீர்கள் என்று கேட்டார்.

"ஓர் ஓவியத்தைப் பார்க்க."

"ஒரே ஒன்றா?"

"ஒரே ஒன்று. அது எங்கள் நாட்டில் இருந்திருந்தால் வந்திருக்கவே மாட்டேன்."

அவர் முத்திரை குத்தினார். இந்த விசாவுக்காக நான் சென்னையில் அலைந்த அலைச்சலுக்கு, அந்த ஒரு வாக்கியத்தையாவது சொல்ல எனக்கு உரிமை இருந்தது.

விஷயம் இதுதான். நான் கட்டட வரைபடம் போடுகிறவள். பழைய கட்டடங்களைப் பழுதுபார்க்கும் ஒரு சென்னை கம்பெனியில் வேலை. இரண்டு வருடமாக ஆக்ராவில் இருக்கிறோம். யமுனையின் கிழக்குக் கரையில், தாஜ்மகாலுக்குப் போகிற கூட்டம் எட்டியும் பார்க்காத ஒரு சின்ன முகலாயச் சமாதி மண்டபம். சிவப்புக் கல் மேடை, அதன்மேல் வெள்ளைப் பளிங்கு அறை, நடுவில் வாசல். வாசலுக்கு இடப்பக்கம் ஒரு பளிங்குத் தட்டி இருக்கிறது. ஒரே கல்லில் நட்சத்திரம் நட்சத்திரமாகத் துளை போட்டுக் குடைந்த சன்னல். வடக்கே அதை ஜாலி என்பார்கள். வாசலுக்கு வலப்பக்கம் ஜாலி இல்லை. அந்த இடத்தைச் செங்கல் வைத்து அடைத்திருக்கிறார்கள். யார் அடைத்தார்கள், எப்போது அடைத்தார்கள் என்று அங்கே யாருக்கும் தெரியாது.

செங்கல்லை எடுத்துவிட்டுப் புதிதாக ஒரு ஜாலி குடைந்து வைக்க வேண்டும் என்பது எங்கள் முதலாளி பாஸ்கரின் திட்டம். இந்த வேலைக்குப் பணம் தருகிற அறக்கட்டளை ஒரே ஒரு நிபந்தனை போட்டிருந்தது: முன்பு அங்கே ஜாலி இருந்தது என்பதற்குச் சான்று வேண்டும். சான்று இல்லாமல் புதுக்கல் கூடாது. தேடியதில் லண்டனில் ஒரு நீர்வண்ண ஓவியம் கிடைத்தது. இருநூறு வருடத்துக்கு முன்னால் ஆக்ராவில் ஓர் இந்திய ஓவியன் ஏதோ ஒரு வெள்ளைக்காரனுக்கு வரைந்து கொடுத்தது. அதில் வாசலுக்கு இரண்டு பக்கமும் ஜாலி இருந்தது. ஆனால் அங்கிருந்து அனுப்பிய போட்டோவில் மொத்த மண்டபமே என் உள்ளங்கை அளவு. துளைகளின் வடிவம் தெரியவில்லை. "நான் நேரில் போய்ப் பார்த்து வரைந்து வருகிறேன், என் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்" என்று அறக்கட்டளைக் கூட்டத்தில் எழுந்து சொன்னவள் நான்தான். ராஜஸ்தானில் மக்ரானாவிலிருந்து பளிங்குக் கல்கூட வந்து இறங்கிவிட்டது. இந்த வேலை முடிந்தால் பாஸ்கருக்கு அடுத்த பெரிய வேலை கிடைக்கும். அதில் தலைமை வரைவாளர் நான்.

ஹீத்ரோவிலிருந்து எலிசபெத் லைன் ரயில். பதின்மூன்று பவுண்டுக்கு மேல் பிடுங்கிக்கொண்டார்கள். ஒயிட்சேப்பலில் மாறி, பார்க்கிங் ஸ்டேஷனில் இறங்கினேன். கிழக்கு லண்டன். ஸ்டேஷனுக்கு வெளியே வெண்டைக்காய், வாழைக்காய், தொலைபேசி கவர், கோழிப் பொரியல் என எல்லாம் ஒரே வரிசையில். ஒரு கடையில் முருங்கைக்காய் மூன்று, இரண்டு பவுண்டு. நான் தங்கப்போகிற வீடு அங்கிருந்து பத்து நிமிட நடை. யாழ்ப்பாணத்துக்காரர்கள். யோகன் அண்ணன் பஸ் ஓட்டுகிறார். அவர் மனைவி ராஜி அக்கா முதியோர் இல்லத்தில் வேலை. மகள் கல்யாணமாகித் தோர்ண்டன் ஹீத் போய்விட்டதால் அவளுடைய அறையை வாடகைக்கு விடுகிறார்கள்.

"வாங்கோ தங்கச்சி, வாங்கோ. பிளேனிலை சாப்பிட்டியளோ?" என்று யோகன் அண்ணன் பெட்டியை வாங்கிக்கொண்டார்.

"சாப்பாடுன்னு ஒண்ணு குடுத்தாங்க."

"அதைச் சாப்பாடு எண்டு சொல்லாதையுங்கோ. ராஜி, புட்டு எடுத்து வை."

முன்னறைச் சுவரில் ஒரு பெரிய கல்யாணப் போட்டோ மாட்டியிருந்தது. யோகன் அண்ணனும் ராஜி அக்காவும் இளமையாக. சுற்றி உறவினர்கள். நான் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் எனக்கு இருபத்தைந்து வருடமாகப் படத்தில் தப்புக் கண்டுபிடிப்பதுதான் தொழில். வாய் முந்திக்கொண்டது.

"அண்ணா, இந்த வேட்டி கட்டின பெரியவர் மூஞ்சில மட்டும் வெளிச்சம் வேற பக்கத்துலேருந்து விழுது."

ராஜி அக்கா புட்டுத் தட்டோடு நின்றார். பிறகு அவர்தான் முதலில் சிரித்தார்.

"இருபத்தேழு வருசம். இந்த வீட்டுக்கு வந்த ஒருத்தரும் கண்டுபிடிக்கேல்லை. இவ வந்து இன்னும் சப்பாத்துக் கழட்டேல்லை."

"அது என்ரை அப்பா," என்றார் யோகன் அண்ணன். "கலியாணத்துக்கு அவர் வரேல்லை. விசா குடுக்கேல்லை. பேந்து ஊரிலையிருந்து ஒரு போட்டோ எடுத்து அனுப்பினவர். வெம்பிளியிலை ஒரு ஸ்டூடியோக்காரன் சேர்த்துத் தந்தவன்."

"நல்லா சேத்திருக்கான்," என்றேன், என் பங்குக்கு.

"இப்ப சொல்லி என்ன பிரயோசனம்? சாப்பிடுங்கோ."

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்குக் கிளம்பினேன். பார்க்கிங்கிலிருந்து ஹாமர்ஸ்மித் அண்ட் சிட்டி ரயிலில் மாறாமல் யூஸ்டன் ஸ்கொயர். நாற்பது நிமிடம்கூட ஆகவில்லை. பெட்டியில் ஒருவரும் ஒருவரோடும் பேசுவதில்லை. என் பக்கத்தில் இருந்த ஆள் முழங்கையை என் விலாவில் வைத்துக்கொண்டே, சாரி சாரி என்று சொல்லிக்கொண்டு வந்தார். முழங்கையை எடுக்கவில்லை.

படம் இருக்கிற இடம் ஸ்டேஷனிலிருந்து நடந்து போகிற தூரத்தில் ஒரு சின்ன நிறுவனம். வெளியே பெரிய பலகை எதுவும் கிடையாது. ஓவியங்களுக்குப் பொறுப்பான ஹெலன் என்ற அம்மாள் வந்து கதவைத் திறந்தார். ஐம்பது வயதிருக்கும். பையை லாக்கரில் வை, கையைச் சோப்புப் போட்டுக் கழுவு, பேனாவைத் தொடாதே, பென்சில் மட்டும், ஸ்கேலைப் படத்தின் மேல் வைக்கக் கூடாது, பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொன்றாகச் சொன்னார். எரிச்சலாக இருந்தது. ஆனால் ஆக்ராவில் என் வரைபடத்தின் மேல் டீ டம்ளர் வைக்கிறவர்களை நினைத்துக்கொண்டேன். வாயை மூடிக்கொண்டு கை கழுவினேன்.

உயரமான சன்னல் உள்ள அறை. வெளிச்சம் வடக்கிலிருந்து வருகிறது. நீளமான மேசை, சாய்வுப் பலகை. ஹெலன் ஒரு தட்டையான பெட்டியைத் திறந்து, மெல்லிய தாளை விலக்கி, ஒவ்வொரு படமாகப் பலகையில் வைத்தார். ஒரு நேரத்தில் ஒன்றுதான். என்னுடையது ஆறாவது. பொறுமையாக இருக்க வேண்டியிருந்தது.

முதல் படத்தின் அடியில் ஒட்டியிருந்த சீட்டைப் பார்த்ததுமே எனக்கு ஆத்திரம் வந்தது. படத்தை வாங்கியவனின் பெயர் இருக்கிறது. படையில் அவனுக்கு என்ன பதவி என்று இருக்கிறது. எந்த ஊரில் செத்தான் என்றுகூட இருக்கிறது. வரைந்தவனுக்கு ஒரே வரி: ஆக்ரா ஓவியர், பெயர் தெரியவில்லை.

"வாங்கினவன் பேரு தெரியுது. வரைஞ்சவன் பேரு எப்படித் தெரியாமப் போச்சு?" என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் கேட்டேன்.

"வாங்கியவர் எழுதி வைக்கவில்லை," என்றார் ஹெலன். "எழுதி வைத்திருந்தால் நானே பெரிய எழுத்தில் போட்டிருப்பேன். எனக்கும் கோபம்தான்."

அதற்கு மேல் அவரோடு சண்டை போட முடியவில்லை.

முதல் படம் தாஜ்மகால். எல்லோரும் பார்த்துச் சலித்த தாஜ்மகால் இல்லை. இதில் பளிங்குக்கு வெள்ளை வண்ணமே பூசவில்லை. தாளை அப்படியே விட்டிருக்கிறான். ஓரங்களில் மட்டும் நீர்த்த சாம்பல் நிறம். கல் தானாக வெளியே வந்து நிற்கிறது. வாசல் வளைவின் பூவேலையில் ஒவ்வொரு இதழும் எண்ணிவிடலாம். ஒரு மயிர்த் தூரிகையால் போட்ட கோடு. கோடு எங்கேயும் நடுங்கவில்லை. நான் கணினியில் கோடு போடுகிறவள். ஸ்கேலும் கையும் மட்டும் வைத்துக்கொண்டு இப்படி ஒருவன் போடுவானா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். மனிதர்கள் யாரும் இல்லை. ஒரு நாய்கூட இல்லை. கட்டடம் மட்டும்.

மூன்றாவது படம் சிக்கந்தரா, அக்பர் சமாதியின் பெரிய நுழைவாசல். இன்றைக்குப் போனால் அதன் நான்கு மூலைகளிலும் நான்கு மினார்கள் முழுதாக நிற்கும். அவை பிற்காலத்தில் சரிசெய்தவை. இந்தப் படத்தில் நான்குக்கும் தலை இல்லை. மொட்டையாக, விளிம்பு சிதைந்து, ஒன்றில் சின்னச் செடி முளைத்து நிற்கின்றன. எனக்கு அந்த ஓவியனை மிகவும் பிடித்துவிட்டது. உடைந்ததை உடைந்தபடியே போட்டிருக்கிறான். யோக்கியன். இவன் ஜாலி வரைந்திருந்தால் அங்கே ஜாலி இருந்தது என்றுதான் அர்த்தம். ஹெலனிடம் அதையே சொன்னேன். இவன் பொய் சொல்ல மாட்டான் என்றேன்.

"பார்க்கலாம்," என்றார் ஹெலன். இந்த ஊரில் பலரும் எதற்கும் அதைத்தான் சொல்கிறார்கள்.

பதினொன்றரை மணிக்கு ஆறாவது படம் பலகைக்கு வந்தது. எங்கள் மண்டபம். இரண்டு வருடமாகத் தினமும் பார்க்கிற கட்டடத்தை, கடல் தாண்டி, குளிர் நாட்டு மேசையில் பார்க்கிறபோது நாற்காலியை இன்னும் கிட்டே இழுத்துப்போட்டேன். மேடையின் படியில் உடைந்த மூலை இருக்கிறது. அதை நேற்று முன்தினம் மிதித்துவிட்டுத்தான் வந்தேன். வாசலுக்கு இடது ஜாலி. வலது ஜாலி. இரண்டும் இருக்கின்றன. இரண்டும் ஒரே நட்சத்திர வேலை. போனை எடுத்து பாஸ்கருக்கு இரண்டு சொல் அனுப்பினேன்: இருக்கு சார்.

பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு துளைகளைப் பென்சிலில் போட ஆரம்பித்தேன். இடது ஜாலி முடிந்தது. வலது ஜாலிக்கு வந்தேன். ஏதோ ஒன்று உறுத்தியது. என்னவென்று தெரியவில்லை. கண்ணாடியை எடுத்துவிட்டு எட்டி உட்கார்ந்து பார்த்தேன். படம் முழுக்க வெளிச்சம் இடப்பக்கத்திலிருந்து வருகிறது. தூண், படி, கும்மட்டம் எல்லாவற்றுக்கும் நிழல் வலப்பக்கம். வலது ஜாலியின் சட்டத்தில் மட்டும் நிழல் மாறி விழுகிறது.

யோகன் அண்ணனின் அப்பா ஞாபகத்துக்கு வந்தார்.

உடனே அடுத்ததைத் தேடினேன். எங்கள் இடது ஜாலியில் ஒரு குறை உண்டு. மேலிருந்து நான்காவது வரிசையில், வெளி ஓரத்தை ஒட்டி, ஒரு நட்சத்திரம் குடையப்படாமல் அடைத்தபடியே நிற்கும். குடைந்தவன் மறந்தானோ, கல் விரிசல் கண்டு பயந்தானோ, தெரியாது. முதல் முறை அளந்தபோது அவனைத் திட்டினேன். ஓவியன் அதையும் விடாமல் போட்டிருந்தான். இடது ஜாலி, நான்காவது வரிசை, வெளி ஓரம், அடைத்த நட்சத்திரம். சரி. வலது ஜாலியைப் பார்த்தேன். நான்காவது வரிசை. வெளி ஓரம். அங்கேயும் ஒரு நட்சத்திரம் அடைத்திருந்தது.

கல் குடைகிறவன் ஓர் இடத்தில் தூங்குவான். இரண்டு கல்லிலும் நேர் எதிரெதிர் இடத்தில் தூங்க மாட்டான்.

இந்த ஓவியர்கள் வேலை செய்த விதம் எனக்குத் தெரியும். கட்டடத்தின் பாதியை வரைவார்கள். கோட்டின் மேல் ஊசியால் வரிசையாகக் குத்துவார்கள். அந்தத் தாளைத் திருப்பிப்போட்டுக் கரித்தூள் தட்டினால் மறுபாதி விழும். பாதி வேலை மிச்சம். நானும் தினமும் அதைத்தான் செய்கிறேன், கணினியில் ஒரு பொத்தான். ஆனால் மறுபாதி நிஜத்தில் வேறு மாதிரி இருந்தால் போய்த் திருத்த வேண்டும். இவன் மற்றதையெல்லாம் திருத்தியிருக்கிறான். படியின் உடைந்த மூலை ஒரு பக்கம்தான் இருக்கிறது. ஜாலியை மட்டும் நிழலோடும் குறையோடும் அப்படியே புரட்டி வைத்திருக்கிறான்.

ஏன்? வலப்பக்கம் பார்த்து வரைய ஜாலி இல்லை என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தோன்றவில்லை. ஆனாலும் அது என் ஊகம். சோம்பலாகவும் இருக்கலாம்.

ஹெலனைக் கூப்பிட்டுக் காட்டினேன். நிழலைக் காட்டினேன், நட்சத்திரத்தைக் காட்டினேன். அவர் தன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு நெடுநேரம் குனிந்து பார்த்தார்.

"ஒன்றரை மணி நேரத்துக்கு முன்னால் பொய் சொல்ல மாட்டான் என்றீர்கள்."

"இப்ப அவன் மேல கேஸ் போடணும் போல இருக்கு."

அவர் சிரித்துவிட்டு, இதே ஓவியன் வரைந்தது என்று தாங்கள் நினைக்கிற இன்னொரு படம் வேறு பெட்டியில் இருக்கிறது, சாப்பாட்டுக்குப் பிறகு எடுத்துத் தருகிறேன் என்றார்.

வெளியே போய் ஒரு கடையில் முட்டை சாண்ட்விச் வாங்கினேன். நான்கு பவுண்டு. ஈரப் பஞ்சைக் கடித்த மாதிரி இருந்தது. பெஞ்சில் உட்கார்ந்து பாஸ்கரைக் கூப்பிட்டேன்.

"சார், அவசரப்பட்டு மெசேஜ் போட்டுட்டேன். வலது பக்கம் அவன் பார்த்து வரையல. காப்பி அடிச்சிருக்கான்."

"படத்துல ஜாலி இருக்கா இல்லியா?"

"படத்துல இருக்கு."

"அப்புறம் என்ன செல்வி? படத்துல இருந்தா சான்று. வரைஞ்சு கையெழுத்துப் போட்டு அனுப்பு. கல்லு வந்து வெயில்ல கெடக்குது."

"அங்க ஜாலி இருந்துதான்னு தெரியாம எப்படி சார் கையெழுத்துப் போடுறது?"

"இருநூறு வருசத்துக்கு முன்னாடி இருந்துதா இல்லியான்னு எவன் வந்து பாக்கப்போறான்? நிழல் எந்தப் பக்கம் விழுதுன்னு ட்ரஸ்ட்டுக்காரன் பாக்கப்போறானா? உனக்கு வேணும்னே வேலைய நிறுத்தணும்."

"எனக்கு எதுக்கு சார் நிறுத்தணும்? அடுத்த வேலை எனக்குத்தானே."

"அது ஞாபகம் இருந்தா சரி," என்று வைத்துவிட்டார்.

இரண்டு மணிக்கு ஹெலன் கொண்டுவந்த படம் அகலமானது. ஆற்றிலிருந்து பார்த்த கிழக்குக் கரை. படகுகள், மரங்கள், தோட்டச் சுவர்கள், வரிசையாகக் கும்மட்டங்கள். கரை நெடுகிலும் இருக்கிற பெரிய கட்டடங்களைக் காட்டத்தான் அந்தப் படம். எங்கள் மண்டபம் ஒரு மூலையில், ஓர் உளுந்தளவு கும்மட்டத்தோடு, இரண்டு மரங்களுக்கு நடுவில் நின்றது. ஆற்றுப் பக்கம் பார்த்த வாசல் தெரிகிறது. இடது ஜாலி ஒரு சாம்பல் புள்ளி. வலப்பக்கம் ஒரு செம்புள்ளி.

கறையாக இருக்கும் என்றுதான் முதலில் நினைத்தேன். ஹெலன் பெரிய பூதக்கண்ணாடியையும் ஒரு சின்ன விளக்கையும் கொண்டுவந்தார். பார்த்தோம். செம்புள்ளிக்குள் படுக்கையாக மூன்று கோடுகள். செங்கல் வரிசை. வேறு ஒன்றும் இல்லை.

மண்டபத்தையே படமாகக் கேட்டு வாங்கியவனுக்கு முழுசாக வரைந்து கொடுத்திருக்கிறான். வாங்குகிறவன் காசு கொடுத்து உடைசலை வாங்குவானா? சிக்கந்தராவில் அவனால் பொய் சொல்ல முடியாது. அதை ஊரே பார்த்திருக்கிறது, வாங்கியவனும் பார்த்திருப்பான். இந்தச் சின்ன மண்டபத்தை யார் போய்ப் பார்க்கப்போகிறார்கள்? இஷ்டத்துக்கு ஒட்டுப்போட்டான். ஆனால் கரை முழுவதையும் வரைகிறபோது இந்த மூலை யாருக்கும் முக்கியமில்லை. அதனால் கை தானாக உள்ளதைப் போட்டுவிட்டது. ஜாலி இருநூறு வருடத்துக்கு முன்னாலேயே இல்லை. செங்கல் அப்போதே இருந்தது.

"அந்தக் காலத்து பாஸ்கர்," என்றேன் தமிழில். ஹெலன் என்ன என்று கேட்டார். சொல்லவில்லை.

சாயங்காலம் ரயிலில் நின்றுகொண்டே வந்தேன். மைல் எண்டில் ஏறிய கூட்டம் என்னைக் கதவோடு ஒட்டிவைத்தது. வீட்டுக்குள் நுழைந்தபோது யோகன் அண்ணன் அப்போதுதான் ஷிப்ட் முடிந்து வந்து, யூனிபார்மோடு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். ராஜி அக்கா மீன் குழம்பு வைத்துக்கொண்டிருந்தார். நடந்ததை முழுக்கச் சொன்னேன். பாஸ்கர் சொன்னதையும் சொன்னேன்.

"அப்ப உம்மடை முதலாளி என்ன, கள்ளச் சாட்சி சொல்லச் சொல்லுறாரோ?" என்றார் ராஜி அக்கா.

"அவரக் குத்தம் சொல்லி என்ன பண்றது? அந்த ஓவியன்தான் பொய்யன். இருநூறு வருசத்துக்கு அப்புறம் ஒருத்தியை லண்டன் வரைக்கும் அலைய வெச்சிருக்கான்."

"அவனைப் பேசாதையுங்கோ தங்கச்சி. கேட்டவனுக்குக் கீறிக் குடுத்தவன். எங்கடை வெம்பிளிக்காரனும் அதைத்தானே செய்தவன்."

சுவரில் பெரியவர் வேட்டி கட்டிக்கொண்டு நின்றார்.

"அது வேற அண்ணா," என்றேன்.

"என்ன வேறை? சொல்லுங்கோ பாப்பம்." வெங்காயத்தையும் கத்தியையும் கீழே வைத்துவிட்டார். கோபம் இல்லை. உண்மையாகவே கேட்டார்.

ராஜி அக்காதான் அடுப்பைப் பார்த்தபடியே பதில் சொன்னார்.

"மாமா வரேல்லை எண்டு இந்த வீட்டிலை எல்லாருக்கும் தெரியும். மகளுக்கும் சொல்லித்தான் வளத்தனாங்கள். தெரிஞ்சவைக்கு அது பொய்யில்லை. உவை கல்லிலை வெட்டி வைச்சா, அங்கை வாற சனத்துக்கு ஆர் நிண்டு சொல்லுறது?"

"அப்பிடிச் சொல்லு," என்று யோகன் அண்ணன் மறுபடி வெங்காயத்தை எடுத்தார். "இந்த மனுசி என்னோடை இவ்வளவு காலம் இருந்தும் ஒரு நாளும் இப்பிடி வடிவாய்க் கதைக்கேல்லை."

"நீங்கள் எங்கை கதைக்க விட்டனீங்கள்?"

அன்று மீன் குழம்பு நன்றாக இருந்தது. புளி கொஞ்சம் தூக்கல். அதையும் சொன்னேன்.

புதன்கிழமை நான் எங்கும் போகவில்லை. ராஜி அக்கா மகளுடைய மேசையில், அவள் ஒட்டிவைத்த நடிகர் படங்களுக்குக் கீழே உட்கார்ந்து வரைந்தேன். மண்டபத்தின் முன்பக்கம் முழுவதும். இடது ஜாலி, துளைக்குத் துளை, அடைத்த நட்சத்திரத்தோடு. வலப்பக்கம் செங்கல், வரிசைக்கு வரிசை. அடியில் என்ன பார்த்தேன், எந்த இரண்டு படங்களில் பார்த்தேன், வலது ஜாலிக்கு ஏன் சான்று இல்லை என்று எழுதினேன். கையெழுத்துப் போட்டேன். பாஸ்கருக்கு மட்டும் அனுப்பினால் அது அவருடைய மேசையிலேயே தூங்கிவிடும். அறக்கட்டளைக்கும் சேர்த்தே அனுப்பினேன். அவர்கள் முன்னால் எழுந்து நின்று வாக்குக் கொடுத்தவள் நான். பதில் சொல்ல வேண்டியதும் நான்தான்.

பாஸ்கர் கூப்பிடவில்லை. சாயங்காலம் மெசேஜ் வந்தது. அடுத்த வேலைக்கு வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறாராம். சரி என்று பதில் போட்டேன். கஷ்டமாக இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் எனக்குத் தொழில் தெரியும். கை இருக்கிறது. பழைய கட்டடங்கள் இந்த நாட்டில் இருப்பதைவிட எங்கள் நாட்டில் அதிகம் இடிந்துகொண்டிருக்கின்றன. வேலைக்குப் பஞ்சம் வராது.

வியாழக்கிழமை யோகன் அண்ணனுக்கு விடுமுறை. ஊர் சுற்றிக் காட்டுகிறேன் என்று கூட்டிப்போனார். பஸ் ஓட்டுகிறவரோடு பஸ்ஸில் போவது ஒரு தண்டனை. முன்னால் ஓட்டுகிற ஆள் பிரேக் போடும் விதம் சரியில்லை என்று வழி நெடுக முணுமுணுத்தார். டவர் ஹில் பக்கம் இறங்கி நடந்தபோது, அலுவலகக் கட்டடங்களுக்கு நடுவில் ஒரு பழைய தேவாலயத்தைப் பார்த்தோம். போரில் குண்டு விழுந்து கூரை போனது. சுவரும் கோபுரமும் மட்டும் நிற்கின்றன. உள்ளே பெஞ்சு போட்டுச் செடி வளர்த்துவிட்டார்கள். சன்னலில் கண்ணாடிக்குப் பதில் கொடி ஏறியிருக்கிறது. கோட்டுப் போட்டவர்கள் உட்கார்ந்து மதியச் சாப்பாடு சாப்பிடுகிறார்கள்.

"இதை ஏன் கட்டேல்லை? காசில்லையோ?" என்றார் அண்ணன்.

"வேணும்னுதான் விட்டிருக்காங்க. குண்டு விழுந்துதுன்னு தெரியணும்னு."

"முப்பது வருசமா இதாலை போய் வாறன். இறங்கிப் பாக்கேல்லை." சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு ஒரு பெஞ்சில் உட்கார்ந்தார். "நல்லாத்தான் இருக்கு. மழை வந்தா ஒதுங்க ஏலாது, அதுதான்."

மழை வந்தது. ஒதுங்க முடியவில்லை.

நம் ஊரில் இடிந்த இடம் என்றால் ஒன்று குப்பை கொட்டுவோம், இல்லையென்றால் பெயின்ட் அடித்துப் புதுசாக்குவோம். இடிந்ததை இடிந்ததாகக் கூட்டிப் பெருக்கி வைத்துக்கொள்கிற பழக்கம் நமக்கு இல்லை. அது இவர்களுக்கு இருக்கிறது. தங்கள் வீட்டு இடிபாட்டுக்கு. அடுத்த நாட்டு ஓவியனின் பெயரை எழுதி வைக்கிற பழக்கம் இருந்திருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும்.

வெள்ளிக்கிழமை காலை, பெட்டி கட்டிக்கொண்டிருந்தபோது அறக்கட்டளையிலிருந்து பதில் வந்தது. சுருக்கமான பதில். செங்கல்லைச் சுத்தம் செய்து அப்படியே வைப்பது, ஜாலி வேண்டாம், இரண்டு ஓவியங்களின் நகலும் விளக்கமும் மண்டபத்தின் வாசலில் வைக்கப்படும். விளக்கத்தை நான் எழுத வேண்டும். ஓவியனுக்கு என்ன எழுதுவது என்று அப்போதே தீர்மானித்துவிட்டேன். பெயர் தெரியவில்லை என்பதோடு நிறுத்தப்போவதில்லை. அவன் செய்த இரண்டையும் எழுதுவேன். மண்டபத்தைப் பெரிதாகப் போட்ட படத்தில் சொன்ன பொய்யையும், புள்ளியாகப் போட்ட படத்தில் சொன்ன உண்மையையும். பெயர் இல்லாதவனுக்கு அதுவாவது மிஞ்சட்டும்.

பதினோரு மணிக்கு வாசலில் டாக்ஸி வந்து நின்றது. பெட்டி கனம், ரயிலில் வேண்டாம் என்று யோகன் அண்ணன் தனக்குத் தெரிந்த டிரைவரைக் கூப்பிட்டிருந்தார். ராஜி அக்கா காலை ஷிப்டுக்குப் போய்விட்டார். போகும்போதே எனக்கு மீன் ஊறுகாயை ஒரு போத்தலில் போட்டு, மூன்று பிளாஸ்டிக் பை சுற்றி வைத்திருந்தார்.

"ஒரு போட்டோ எடுப்பம்," என்றார் அண்ணன். டிரைவரிடம் போனைக் கொடுத்தார். நாங்கள் இருவரும் கதவுக்கு முன்னால் நின்றோம். "ராஜிதான் இல்லை. பரவாயில்லை, பேந்து வெம்பிளியிலை குடுத்துச் சேர்ப்பம். அந்த ஸ்டூடியோ இன்னும் இருக்கு."

"வேணாம்ணா. கொஞ்சம் தள்ளி நில்லுங்க."

"எங்கை?"

"அந்தப் பக்கம். அக்கா நிக்கிற அளவுக்கு நடுவுல இடம் விடுங்க."

அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு நகர்ந்தார். டிரைவர் கிட்டே வாங்கோ, கிட்டே வாங்கோ என்று கை காட்டினார். நாங்கள் நகரவில்லை.

ஹீத்ரோவில் விமானத்துக்குக் காத்திருந்தபோது படம் வந்து சேர்ந்தது. இடப்பக்கம் நான், வலப்பக்கம் யோகன் அண்ணன், நடுவில் நீலக் கதவும் அதில் தபால் போடுகிற துவாரமும். வெளிச்சம் இரண்டு பேர் மேலும் ஒரே பக்கத்திலிருந்து விழுகிறது. சரிபார்த்தேன். சிறிது நேரத்தில் ராஜி அக்காவிடமிருந்து ஒரு மெசேஜ்.

"படம் பாத்தன். நான் எங்கை?"

"ஷிப்டில்," என்று எழுதி அனுப்பிவிட்டு, வரிசையில் போய் நின்றேன்.